பனிமலையில் மூன்றாம் சரணம்

இருபது வருடங்களாகக் கனடாவின் மொன்றியல் நகரக் கல்யாண மண்டபங்களில் பாடிவருகிறேன். ஒரு பாட்டையாவது ஒழுங்காக முடித்த ஞாபகம் எனக்கு இல்லை. நான் மிகைப்படுத்துகிறேன் என்று என் கணவர் சொல்வார். அவர் எங்கள் இசைக்குழுவில் கொங்கோ மேளம் அடிப்பவர். பாட்டு எங்கே முடிகிறது என்பதைப் பற்றி அவருக்கு என்ன கவலை? மேளத்துக்கு வயிறு இருக்கிறதே தவிர வாய் இல்லையே.

நாங்கள் நாலு பேர். மாதா கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, பிறகு இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவுக்கு மாறி, கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, முதல் நன்மை விருந்து என்று எதையும் விடாமல் பாடுகிறவர்கள். நான் பாடுவேன், கணவர் கொங்கோ. கிற்றார் வாசிப்பவர் புறநகரான கர்க்லாண்டில் பெரிய வீடும் அதைவிடப் பெரிய தொப்பையும் உள்ள ஓர் அண்ணை. கீபோர்ட் வாசிப்பவர் சென்னையிலிருந்து வந்து டவுன்டவுனில் கணினி வேலை பார்க்கும் தம்பி.

எங்கள் விழாக்களில் பாடுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைக்காத சட்டம். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது விழா வீட்டுக்காரரின் ஆள் ஒருவர் மண்டபத்தின் நடுவில் நின்று உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். அவ்வளவுதான். சாப்பாடு வந்துவிட்டது, அல்லது கேக் வெட்டப்போகிறார்கள், அல்லது மாப்பிள்ளையின் மாமா பேசப்போகிறார். எந்த வரியில் நின்றாலும் நாலு தாளத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய கையோடு வயரைச் சுற்றி, பெட்டிகளை மூடி, இரண்டு நிமிடத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும், அங்கேதான் சாப்பாட்டு மேசை போடுவார்கள். இந்த வித்தையில் எங்களை மிஞ்ச ஆளில்லை. "அந்தக் குழு கரைச்சல் தராது, கை காட்டினா நிப்பாட்டிடும்" என்று சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். பாட்டு நல்லாயிருக்கும் என்று சொல்லி யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

இப்படியே காலம் போயிருக்கும், நான் சொந்தமாக ஒரு பாட்டு எழுதித் தொலைக்காமல் இருந்திருந்தால்.

எனக்கு டவுன்டவுனில் ஓர் உணவகக் குசினியில் காலை வேலை. செயின்ட்-மிஷேலில் வீட்டு முனையில் நின்று பஸ் பிடித்து, மெட்ரோவுக்குப் போக வேண்டும். ஒரு ஜனவரி காலை, சைபருக்குக் கீழே இருபத்தைந்து. பஸ் வரவில்லை. கண்ணிமை ஒட்டிக்கொள்கிற குளிர். நான் வாய்விட்டுத் திட்டத் தொடங்கினேன். திட்டத் திட்ட அது பைலா தாளத்தில் விழுவதைக் கவனித்தேன். கால் தானாக ஆடியது, குளிருக்கும் அது நல்லதாக இருந்தது. மெட்ரோவில் ஏறியதும் ஒரு பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிட்டேன். 'வருமோ வராதோ, என்ர பஸ்ஸு வருமோ வராதோ' என்பது பல்லவி. முதல் சரணத்தில் பஸ்ஸைத் திட்டுவேன். இரண்டாவதில் பனியை, பிறகு இந்த நகரத்தை, கடைசியில் என்னை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட்ட என் மனிசனை. மூன்றாவதில் பஸ் வந்துவிடும். கதவு திறக்கும், சூடான காற்று முகத்தில் அடிக்கும், சாரதி பிரெஞ்சில் வணக்கம் சொல்லி 'போன்ஜூர்' என்பார். அரைமணி நேரமாகச் சேர்த்துவைத்த திட்டெல்லாம் தொண்டையில் நிற்க, நான் நன்றியாக ஒரு 'மெர்சி' சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை, தெரியும். ஆனால் அந்த மூன்றாம் சரணம்தான் பாட்டு. அது இல்லாவிட்டால் மிச்சம் வெறும் புறுபுறுப்பு.

அடுத்த மூன்று வருடத்தில் மண்டபங்களில் மூன்று தடவை பாடிப் பார்த்தேன். முதல் தடவை இரண்டாம் சரணம் தொடங்கும்போது கை உயர்ந்தது. "அக்கா, சாப்பாடு ரெடி." இரண்டாம் தடவை கேக். மூன்றாம் தடவை இரண்டு சரணம் முடிந்து, மூன்றாவதுக்கு மூச்சு எடுத்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கிப் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினார். அன்றைக்கு மண்டபத்துக் குசினியின் பின்னால் போய் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். எனக்குக் கைதட்டு வேண்டாம், மாலை வேண்டாம். பஸ் வரும்வரை யாராவது நின்று கேட்க வேண்டும், ஒரே ஒரு தடவை. அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

என் மகளுக்கு இருபத்துமூன்று வயது. பனிச்சறுக்கு என்றால் உயிர். நகரத்துக்கு வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஒரு சறுக்கு மலைக்குச் சிநேகிதிகளோடு போய்வருவாள். அங்கே ஒவ்வொரு ஏப்ரலிலும், பனி கரைவதற்கு முன் கடைசிச் சறுக்கலோடு சேர்த்து, மலையடியில் திறந்தவெளி இசைவிழா நடத்துவார்களாம். அதற்கு எங்களுடைய கல்யாண வீடியோ ஒன்றை எங்களுக்குச் சொல்லாமலே அனுப்பிவிட்டாள். பதில் வந்த அன்று நான் வேலையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, உங்களை எடுத்திட்டினம்! சனிக்கிழமை ரெண்டு மணி, சின்ன மேடை, முப்பது நிமிஷம்!" நான் போட்ட கூச்சலில் தலைமைச் சமையற்காரர் நான் விரலை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்து முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார்.

முப்பது நிமிடம்! அங்கே சாப்பாட்டு மேசை இல்லை, கேக் இல்லை, பெரியப்பா இல்லை. எனக்கு உடனே என் பாட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

கணவருக்கு ஒரே சந்தேகம். "அதுகள் பிரெஞ்சுச் சனமப்பா. உம்மட பாட்டில என்ன விளங்கப்போகுது?"

"விளங்குற சனம் கேட்டுக் கிழிச்சது போதாதோ?" என்றேன்.

கர்க்லாண்ட் அண்ணையின் கராஜில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். ஐந்து பைலா, கடைசியாக என் பாட்டு. மூன்று சரணமும். அண்ணை கிற்றாரின் மேல் கைவைத்து சத்தியமே செய்தார். "நீ முழுசாப் பாடுறாய், பிள்ளை. ஆர் கை காட்டினாலும் நான் நிப்பாட்டமாட்டன்." ஆனால் அந்தக் கராஜிலும் மூன்றாம் சரணம் முடிய முன்னமே அண்ணையின் மனைவி ரோல்ஸும் தேநீரும் கொண்டுவந்துவிடுவார், நாங்களும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுவோம். அதை அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. வான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய எனக்கு வாய் மூடவில்லை. இத்தனை வருடம் இந்த நாட்டில் பனியை வழித்துக் கொட்டியிருக்கிறேன், உப்புப் போட்டிருக்கிறேன், விழுந்து முழங்காலை உடைத்திருக்கிறேன். அது இவ்வளவு அழகாக இருக்குமென்று அன்றுதான் கண்டேன். மலை முழுக்க வெள்ளை, வெயில் பட்டுக் கண் கூசியது. மேலேயிருந்து சனம் சறுக்கிக்கொண்டு வந்து, மேடைக்கு முன்னால் சர்ரென்று பனியைத் தெறிக்கவிட்டு நின்றது. வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும்! பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிதான். ஒருவர் வாழைப்பழம். ஒருவர் கறுப்பு வெள்ளை மாடு. தாடி வைத்த இரண்டு கன்னியாஸ்திரிகள் கைகோத்துச் சறுக்கி வந்தபோது என் கணவர் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் சுத்தமான பனியின்மேல் மேப்பிள் பாகை ஊற்றிக் குச்சியில் சுருட்டிக் கொடுத்தார்கள். கீபோர்ட் தம்பி அதில் மூன்று சாப்பிட்டுவிட்டுக் கை பிசுபிசுக்க நின்றார்.

நான் மாம்பழ நிறப் பட்டுச்சேலை. உள்ளே இரண்டு அடுக்கு குளிர் உடுப்பு, காலில் பனிச்சப்பாத்து. "அம்மா, நீங்கள் மாறுவேடத்துக்கு முதல் பரிசு வாங்குவீங்கள்" என்றாள் மகள். இருக்கட்டும் என்றேன்.

மேடையைப் பார்த்துக்கொள்பவர் சிவப்பு ஜாக்கெட் போட்ட உயரமான பெண். தலையில் ஒலிவாங்கி, கையில் அட்டை. மகளிடம் படபடவென்று பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மகள் எங்களிடம் சுருக்கமாகச் சொன்னாள். "நேரத்தை அவ கையால காட்டுவாவாம்." நாங்கள் நாலு பேரும் தலையாட்டினோம். கை காட்டுவதைப் பற்றி எங்களுக்கா பாடம்? அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கும்.

முதல் பாட்டுக்குச் சனம் பியர்க் குவளையோடு நின்று பார்த்தது. இரண்டாவதில் தாடிக் கன்னியாஸ்திரிகள் இடுப்பை அசைக்கத் தொடங்கினார்கள். மூன்றாவதில் முழு மலையடியும் ஆடியது. சறுக்குச் சப்பாத்து என்பது சீமெந்துக் கட்டிபோல இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக நடக்கவே முடியாது. அவர்களோ அதோடு பைலா ஆடினார்கள். தொம் தொம் என்று பனி அதிர்ந்தது, அந்த அதிர்வு மேடைப் பலகை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. "அக்கா, அங்க பாருங்க, மாடு ஆடுது!" என்று கீபோர்ட் தம்பி கத்தினார். கணவரைத் திரும்பிப் பார்த்தேன். குளிரில் மூக்கு சிவந்து, தொப்பி கண்ணை மறைக்க, பேய் பிடித்தவர்போல் அடித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் கட்டின நாளில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் பார்க்கவில்லை.

பிறகு என் பாட்டு. மகள் மேடையேறி மைக்கில் பிரெஞ்சில் கதையைச் சொன்னாள். இது என் அம்மா எழுதின பாட்டு, சைபருக்குக் கீழே இருபத்தைந்தில் பஸ்ஸுக்கு நிற்கிறா, பஸ் வருமா என்று கேளுங்கள். அவ்வளவுதான் சொன்னாள். சனம் ஓவென்று சிரித்தது. அந்த மொன்றியல் சனத்தில் பஸ்ஸுக்கு நின்று விறைக்காதவர் யார்?

முதல் சரணம் போனது. பல்லவியை அவர்கள் இரண்டாம் தடவையே பிடித்துக்கொண்டார்கள். 'வருமோ வராதோ' என்று வாழைப்பழம் கத்த, மாடு திருப்பிக் கத்தியது. இரண்டாம் சரணத்தில் மனிசனைத் திட்டும் இடம் வந்தபோது நான் விரலை நீட்டிக் கணவரைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். சனத்துக்கு அது மொழிபெயர்ப்பில்லாமலே விளங்கி, விசில் பறந்தது. பல்லவி முடிந்தது. மூன்றாம் சரணத்துக்கு மூச்சை இழுத்தேன்.

சிவப்பு ஜாக்கெட்காரி மேடையோரத்தில் நின்று கையை உயர்த்தினார். ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கை.

என் வாய் மூடிக்கொண்டது. நான் மூடவில்லை, அதுவாக மூடியது. நாலு தாளத்துக்குள் கொங்கோ நின்றது. ஆர் கை காட்டினாலும் நிறுத்தமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய அண்ணைதான் எல்லோருக்கும் முன்னால் கிற்றார் வயரைப் பிடுங்கினார். "நன்றி, வணக்கம்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். கீபோர்ட் பெட்டிக்குள் போனது, வயர் சுற்றப்பட்டது. சிவப்பு ஜாக்கெட்காரி கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, மேடையின் பின்படியால் இறங்கி நின்றோம். கணவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சாப்பாடு ரெடியாமோ?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு நினைவு திரும்பியது. நாங்கள் எங்கே நிற்கிறோம், என்ன செய்துவிட்டோம் என்பதெல்லாம் ஒன்றாக மண்டையில் ஏறியது. இங்கேயும் பஸ் வரவில்லை. இதற்கா ஐந்து வாரம்?

முன்பக்கத்தில் சனம் கத்தத் தொடங்கியது. சறுக்குத் தடிகளை ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு, "லோத்தொபுஸ்! லோத்தொபுஸ்!" என்று ஒரே குரலில் கத்தியது. பஸ், பஸ் என்கிறார்கள் என்பது மட்டும் எங்களுக்கு விளங்கியது.

"இஞ்சேரப்பா, எங்களை பஸ்ஸைப் பிடிச்சு வீட்டை போகட்டாம்" என்றார் கணவர், முகம் வாடி.

நானும் அதை நம்பினேன். அங்கேயிருந்த பெட்டியொன்றில் உட்கார்ந்து, பட்டுச்சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். இவ்வளவு ஆடிவிட்டு இப்படித் துரத்துகிறார்களே என்று பொருமினேன். அண்ணை தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் பனியில் விழுந்தெழும்பி ஓடிவந்தாள். "அம்மா! ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"அவ கை காட்டினவா!"

"மே நோன், இல்லையம்மா! இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு எண்டெல்லோ காட்டினவா! அஞ்சு விரல்! அஞ்சு நிமிஷம்!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப மூண்டுதான் இருக்கு. அவையள் என்ன கத்தினம் எண்டு தெரியுமோ? பஸ் வந்ததோ இல்லையோ எண்டு கேக்கினம். முடிவு தெரியாமல் போகமாட்டினமாம்!"

நான் எழுந்த வேகத்தில் பெட்டி புரண்டது. சேலையை ஒரு கையால் முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினேன். பின்னால் கணவர் கொங்கோவைக் குழந்தைபோல் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கிற்றாருக்கு வயர் இல்லை, கீபோர்ட் பெட்டிக்குள். "அக்கா, நீங்க பாடுங்க, நாங்க கை தட்டுறோம்!" என்றார் தம்பி. மைக் மட்டும் உயிரோடு இருந்தது. எங்களைக் கண்டதும் மலையடி எழுப்பிய சத்தத்தில் மலையுச்சிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே கம்பியில் போய்க்கொண்டிருந்த நாற்காலிகளிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் சரணத்தைத் தொடங்கினேன். சனம் அடங்கியது. அப்படி ஓர் அமைதியை நான் எந்த மண்டபத்திலும் கேட்டதில்லை. குவளையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். ஒரு சொல் விளங்காது, ஆனாலும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரு முனையில் வெளிச்சம் தெரிகிறது என்று பாடினேன், கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன், அவர்களும் நான் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பனியைத் தள்ளிக்கொண்டு வருகிறது. நிற்கிறது. கதவு திறக்கிறது. சூடான காற்று. கொங்கோவும் நாலு கைகளும் மட்டும் கூட வந்தன. என் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை. அடுத்த சொல்லுக்கு நான் மூன்று வருடம் காத்திருந்தேன்.

"போன்ஜூர்" என்று பாடினேன்.

மலை வெடித்தது. வாழைப்பழம் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கியது. தாடிக் கன்னியாஸ்திரிகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் தோளை ஒருவர் அடித்து, வந்துவிட்டது, வந்துவிட்டது என்று பிரெஞ்சில் கத்தினார்கள். சிவப்பு ஜாக்கெட்காரி அட்டையைப் பனியில் போட்டுவிட்டுக் கைதட்டினார். பெட்டைக்கோழியாட்டம் கத்துகிற என் மகள், சத்தமே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இன்னும் ஒரு வரி இருந்தது. நான் விரலை உதட்டில் வைத்தேன். எல்லோரும் அடங்கினார்கள். திட்டவிருந்த திட்டையெல்லாம் விழுங்கிவிட்டு, சின்னக் குரலில், "மெர்சி" என்றேன்.

கணவர் கடைசித் தட்டைத் தட்டினார். பாட்டு முடிந்துவிட்டது. பாட்டு முடிந்தால் அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியவில்லை. அப்படியே நின்றோம்.